நார்சிசோவின் வண்டி மட்டும் ஏன் கொதிப்பதில்லை

மேட்டின் மூன்றாவது வளைவில் எவெலியோவின் வண்டி வழக்கம்போலச் சீறிக்கொண்டு நின்றது. யாரும் சொல்லாமலேயே பயணிகள் இறங்கி, நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். எவெலியோ ரேடியேட்டர் மூடியைக் கந்தல் துணியால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே அது யார் என்று அவனுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு நார்சிசோதான். இருவருடையதும் ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அமெரிக்கக் கார்தான். ஒரே எஞ்சின், ஒரே பாதை, இரண்டின் தலையிலும் அதே கியூபா வெயில். எவெலியோவுடையது பச்சை, நார்சிசோவுடையது நீலம் என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். பச்சை கொதிக்காத நாள் கிடையாது. நீலம் கொதித்த நாள் கிடையாது.

நீல வண்டி நிறைய ஆட்களுடன் சிரமமே இல்லாமல் மேலே ஏறிப் போனது. முன் சீட்டில், நார்சிசோவுக்கும் கோழி விற்கும் ஹெனரோசாவுக்கும் நடுவே, எவெலியோவின் மனைவி மிக்தாலியா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

மிக்தாலியாவுக்குக் கீழே சந்தியாகோ நகரத்தில் தையல் கூடத்தில் வேலை. வீடு மேட்டின் உச்சியில். காலையில் புருஷனின் வண்டியிலேயே இறங்கிப் போவாள். இறக்கத்தில் எந்த வண்டிதான் கொதிக்கும்? மாலையில் திரும்புவதும் அதிலேதான் என்று இருந்தது, தங்கை மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் வரும்வரை. அன்று நகரத்திலிருந்து ஒரு பெரிய கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மேலே நீல நிற மெரிங்கு நுரை, அதன்மேல் பெண்ணின் பெயர். வண்டி இரண்டு இடத்தில் கொதித்து நின்றது. விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெயரெல்லாம் மிக்தாலியாவின் பாவாடையில் இருந்தது.

"இனிமே கொதிக்காத வண்டியிலதான் ஏறுவேன்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். மறுநாளே நீல வண்டியில் ஏறினாள்.

அதோடு நின்றிருந்தால் எவெலியோ பொறுத்திருப்பான். ஆனால் அவள் வீடு திரும்பும் கோலம் அவனைப் படுத்தியது. காலையில் தலையை வாரி முடிந்து, கஞ்சி போட்ட சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு போகிறவள், மாலையில் முகம் சிவந்து, முடி கலைந்து, மேல் பொத்தான்கள் திறந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நார்சிசோவின் வண்டியிலிருந்து இறங்கினாள். நேராகக் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்ததும் ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

"வண்டி எப்படி வந்தது?" என்று எவெலியோ கேட்டான்.

"கொதிக்கல," என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

அந்த ஒரு சொல்லில் அவனுக்கு வயிறு எரிந்தது. நார்சிசோவிடம் அப்படி என்ன இருக்கிறது? அவன் ஒரு குப்பை பொறுக்கி. முன்பு எவெலியோ தன் வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தபோது, ஓடாத கடிகாரம், சிகரெட் பற்றவைக்கும் குமிழ், குளிர்காலத்துக்கான ஹீட்டர், சாம்பல் கிண்ணம் என்று அமெரிக்கக்காரன் வைத்திருந்த வேண்டாத சாமான்களை எல்லாம் கழற்றி வாசலில் போட்டான். ஒரு தார் வாழைக்காயைக் கொடுத்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனவன் இந்த நார்சிசோ. ஊரே சிரித்தது. எவெலியோ அந்த வாழைக்காயைப் பொரித்துத் தின்றபடியே சிரித்தான். அப்படிப்பட்டவன் வண்டியில் இப்போது தன் பெண்டாட்டி!

வண்டியைக் குளிரவைத்தால் மிக்தாலியா திரும்பி வந்துவிடுவாள் என்று எவெலியோ முடிவு கட்டினான். ஒரு ரஷ்ய லாரியிலிருந்து பெரிய விசிறியை வாங்கி எஞ்சின் முன்னால் மாட்டினான். காற்று பலமாகத்தான் வந்தது. முதல் பள்ளத்தில் வண்டி குதித்தபோது விசிறி முன்னால் போய் ரேடியேட்டரைத் துருவிவிட்டது.

ஓட்டையை அடைக்க முட்டை ஊற்றினால் போதும் என்று வண்டி நிறுத்தத்தில் யாரோ சொன்னார்கள். எவெலியோ தாராள மனசுக்காரன், வீட்டில் இருந்த முட்டை எல்லாவற்றையும் ஊற்றினான். ஓட்டை அடைந்தது. கூடவே ரேடியேட்டரின் மற்றக் குழாய்களும் அடைந்தன. மேட்டில் பாதி ஏறுவதற்குள் வண்டி முழுக்க ஆம்லெட் வாசனை. பயணிகளுக்குப் பசி வந்துவிட்டது. வீட்டிலோ முட்டையைக் காணோம் என்று மிக்தாலியா தனியாக ஒரு பாட்டம் கத்தினாள்.

அடுத்து, காற்று தாராளமாகப் படட்டும் என்று முன்மூடியையே கழற்றி வீட்டில் வைத்தான். கொதித்த தண்ணீர் நேராகக் கண்ணாடியில் அடித்தது. பாதை தெரியாமல் பள்ளத்துப் பக்கம் போகப் பார்த்தான். பின் சீட்டில் இருந்த பல் வைத்தியர் அன்றிலிருந்து நீல வண்டிக்கு மாறிவிட்டார்.

இந்த அவமானத்தோடு எவெலியோ, நீல வண்டியிலிருந்து இறங்கிய ஹெனரோசாவைப் பிடித்தான். தினமும் அவன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள் அவள்தானே. அவள் கூடையில் இருந்த கோழிகள்கூட அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. அந்த வண்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டான்.

ஹெனரோசா அக்கம்பக்கம் பார்த்தாள். "வண்டிக்குள்ள நடக்கிறதை வெளியில சொன்னா நாளையிலேர்ந்து சீட்டு கிடையாதுன்னு நார்சிசோ சொல்லியிருக்கான் தம்பி. எல்லாருமே சத்தியம் பண்ணியிருக்கோம். உன் பொண்டாட்டியுந்தான்."

சத்தியம் பண்ணும் அளவுக்கு என்ன? எவெலியோவுக்குச் சோறு இறங்கவில்லை. மானத்தை விட்டு நார்சிசோவிடமே போனான். வண்டி கொதிக்காத ரகசியத்தைச் சொல்லச் சொன்னான்.

நார்சிசோ வண்டியைத் துடைத்தபடி சிரித்தான். "ரகசியம் என்ன பங்காளி. நீ அருமை தெரியாம விட்டதை நான் அருமை தெரிஞ்சு வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

எவெலியோவின் மனைவியைப் பற்றி அவனிடமே இப்படிப் பேசுகிறான்! அடித்திருப்பான். ஆனால் நார்சிசோ நல்ல உயரம், கையில் ஸ்பானர் வேறு இருந்தது.

கடைசி முயற்சியாக வண்டியின் கூரையில் ஒரு தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை இறக்கி ரேடியேட்டர் மேல் சொட்டவிட்டான். காலையில் மிக்தாலியா பீப்பாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவளை நகரத்தில் இறக்கிவிட்டபோது, மாலையில் தன்னோடே வந்துவிடு, இனி கொதிக்காது என்று எவெலியோ கெஞ்சினான்.

"முதல்ல ஒரு தடவை ஏத்திக் காட்டு," என்றாள் அவள். ஆனால் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்ததுபோல அவனுக்குத் தோன்றியது.

அந்த இரக்கத்தை நம்பி நண்பகலில் மேடு ஏறிப் பார்த்தான். மேடு தொடங்கும் இடத்திலேயே வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. கட்டு அறுந்து பீப்பாய் முன்னால் உருண்டு, மூடி இல்லாத சூடான எஞ்சின்மேல் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தது. டமார் என்று எஞ்சினில் எதுவோ வெடித்தது. பச்சை வண்டி அதற்குப் பிறகு கொதிக்கவில்லை. ஓடவும் இல்லை.

வண்டியைப் புதருக்குள் தள்ளி மறைத்துவிட்டு, எவெலியோ ஒரு மாமரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. வண்டியும் போய், பெண்டாட்டியும் போனால் மனிதன் எதற்கு இருப்பது?

மாலையில் நீல வண்டி வந்தது. மேட்டில் ஏறுவதற்கு முன் சரியாக அந்த மாமரத்து நிழலில் நின்றது. எவெலியோ எட்டிப் பார்த்தான்.

நார்சிசோ சட்டையைக் கழற்றினான். முன் சீட்டில் மிக்தாலியா கழுத்துப் பொத்தானை அவிழ்த்தாள். அடுத்ததையும் அவிழ்த்தாள். கொண்டையைப் பிரித்து உதறினாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். பின் சீட்டில் பல் வைத்தியர்கூட கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டிருந்தார்.

எவெலியோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஓடிவந்து கதவைத் திறந்தான். "பட்டப் பகல்ல, ஊர் பாக்க, இதென்னடி கூத்து?" என்றான்.

மிக்தாலியா வெலவெலத்துப் போய் நார்சிசோவைப் பார்த்தாள். நார்சிசோ ஸ்டியரிங்கைப் பார்த்தான். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் நாளைக்குச் சீட்டு வேண்டும்.

ஹெனரோசாதான் பெருமூச்சு விட்டு, கோழிக் கூடையை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

"சட்டையைக் கழட்டிட்டு ஏறு தம்பி. மேடு வந்ததும் எஞ்சின் சூட்டைப் பூரா இவன் எங்க மடியிலதான் கொண்டாந்து கொட்டுவான், ஒரு தார் வாழைக்காய்க்கு நீ தள்ளிவிட்டியே, அந்த ஹீட்டரைப் போட்டு."