சிவப்பு அட்டை வாங்கிய பியானோ

ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை எத்தனை கம்பெனி உண்டோ, அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் ரிஜெக்ட் அண்ணனைத் திருப்திப்படுத்திய பொருள் ஒன்றைக் காட்ட முடியாது. அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வேலை நேரத்தில் பிரேக் பாகங்களைத் திருப்பி அனுப்புவார்; வேலை முடிந்தபின் உலகத்தை.

படப்பையில் அவரும் நானும் ஒரே அறை. மெஸ்ஸில் இட்லியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "ஓரம் ஒடஞ்சி கீது. வேற குடு."

"உள்ள போனா எப்படியும் ஒடையப் போவுதுப்பா," என்று மெஸ்காரர் சொன்னாலும் எடுபடாது. ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவிலில், டயர் தேய்ந்திருக்கிறது என்று ஷேர் ஆட்டோவிலிருந்து எங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டார். எனக்கு அன்று அரைநாள் லீவு போனது.

அவருக்கு ஒரே கிறுக்கு, ஒலிப்பதிவு. லேப்டாப்பில் ஆடியோ எடிட்டிங் மென்பொருள் வைத்திருந்தார். கோயில் திருவிழா, சர்ச் ஆண்டு விழா என்று யார் கேட்டாலும் கணீரென்று அறிவிப்பு பேசிக் கொடுப்பார். எதிரொலி சேர்க்க, இரைச்சல் நீக்க என்று ப்ளகின் எனப்படும் குட்டி மென்பொருள்கள் உண்டல்லவா, இலவசமாகக் கிடைத்த எதையும் அவர் விட்டதில்லை. எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருக்கும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் கம்மத் தொடங்கியது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். அதன்பின் பேச்சு இல்லை. வந்தவாசியில் தாயோடு இருக்கும் ஐந்து வயது மகளுக்கு ஒரு கதையைத் தன் குரலில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போக நினைத்தார்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் இரண்டு வாரமாகத் தொடாத மென்பொருளை ஞாயிறு காலை திறந்தார். ப்ளகின்கள் ஏறும்போது நகரும் கோடு பாதியில் நின்றது. பத்து மணிக்கு நின்றது, பத்தே முக்காலுக்கும் அதே இடத்தில்தான் நின்றது.

"போன்ல பேசிருங்கண்ணே, போதும்," என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

"போன்லயா? பக்கத்து வூட்டு மிக்சி சத்தமும் சேந்து வரும். கொழந்த ஆயுசுக்கும் கேக்கப் போற கொரலுடா. ரிஜெக்ட்டு."

சந்தேகப்பட்ட பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அண்ணன் 'சிவப்பு அட்டை' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, ப்ளகின்களில் பாதியை அதில் தள்ளிவிட்டு மென்பொருளை மறுபடி இயக்கினார். அப்போதும் நின்றது. அப்படியானால் கோளாறு மிச்சப் பாதியில். அதிலும் பாதியைத் தள்ளினார். ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதி, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். உயிர் போகிற அவசரத்தில் கையெழுத்தா என்று கத்தினேன். "போட்றா," என்றார். போட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு அகப்பட்டது, ஒரு பியானோ ப்ளகின். அதன் ஒலிகள் எல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அந்த டிஸ்கைத் தேடித் தேடி அங்கேயே நின்றிருக்கிறது.

"டிஸ்கு ஏன் இல்ல?" என்று அலமாரியைத் துழாவினார்.

"நாந்தாண்ணே எடுத்தேன். படம் ஏத்துறதுக்குக் கூட்டாளிகிட்ட குடுத்தேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் திட்டவில்லை. நோட்டில் 'மூல காரணம்' என்ற கட்டத்துக்கு வந்தார்.

"எம் பேர எழுதுங்கண்ணே," என்றேன்.

"அங்க ஆளு பேரு எழுதக் கூடாது, தெரியாதா? ஆளு மேல பழிய போட்டா, அத்தோட தேடறத நிறுத்திடுவோம்." அறையில் பொருள் எடுத்தால் எழுதி வைக்கும் முறை இல்லை என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அதற்கும் என் கையெழுத்து.

பியானோவை ஒதுக்கியதும் மென்பொருள் சட்டென்று திறந்தது. நான் பக்கத்து வீட்டுக்கு ஓடி, மிக்சியை நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணன் ஃபேனை நிறுத்தி, போர்வைக்குள் புகுந்துகொண்டு, யானைக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொன்னார். பிறகு போட்டுக் கேட்டார். ஓர் இடத்தில் குரல் உடைந்திருந்தது. மறுபடி எடுப்போம் என்பார் என்று காத்திருந்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஓகேடா," என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது கழுத்துத் துளையை மூடிய ஒரு துணியோடு, கம்பெனியில் அதே லைனில் நிற்கிறார். வாய்க்குப் பதில் கை பேசுகிறது. ஞாயிறுகளில் மகள் வீடியோவில் வருவாள். அவள் பேசுவாள், இவர் தலையாட்டுவார். பேசி முடித்ததும், "இப்போ நீ பேசுப்பா," என்று சொல்லி, அந்தப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டுவாள். அவரும் முதல்முறை கேட்பவர்போல் கேட்பார். குரல் உடையும் இடம் வருமுன் நான் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிடுவேன். அவர் எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.