மீன் தொட்டிக்குள்ள லாக்டோமீட்டர்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மீன் தொட்டியில உப்பு சரியா இருக்கான்னு பார்க்கணும்.

கடல் மீனு. ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்டது ரெண்டு. அதுக்குன்னு விக்கிற உப்பை நல்ல தண்ணியில கலந்து, தொட்டியைக் கடல் மாதிரியே வச்சுக்கிடணும். வெயிலுக்குத் தண்ணி வத்துனா உப்பு ஏறிரும். ஏறுனா மீனுக்கு ஆகாது.

எங்க வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. "பாளையங்கோட்டையே தாமிரபரணித் தண்ணி இனிக்குதுன்னு குடிக்கு. நீ மெனக்கெட்டு அதுல உப்பைக் கலக்குத"ம்பாரு.

உப்பு அளக்குத மீட்டரைக் கழுவி ஜன்னல் ஓரமா காய வச்சது நான். அதை மறந்து ஜன்னலைத் திறந்ததும் நான். கண்ணாடி சில்லு சில்லா போயிருச்சு.

புதுசு வர நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள மீனு ஊறுகாய் ஆயிருச்சுன்னா?

அப்பதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. உப்பு கூடுனா தண்ணி கனமாகும். பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்குத லாக்டோமீட்டரும் கனத்தைத்தானே பார்க்கு? நேரா தெருமுனை டீக்கடை அண்ணாச்சிகிட்ட போய் லாக்டோமீட்டரைக் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"மீன் தொட்டிக்கு அண்ணாச்சி."

"நல்ல பாலுன்னா இருபத்தெட்டுக்குக் கொறையாது. மீனுக்கு எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது"ன்னு எடுத்துக் கொடுத்தாரு.

தொட்டியில மிதக்க விட்டேன். இருபத்தாறு. கடல் தண்ணிக்கு அதான் கணக்கு. அங்கனயே நிறுத்தியிருக்கணும். நிறுத்துனா அது நான் இல்லியே.

இந்த மீட்டரு சரியான்னு யாரு பார்க்க? வெறும் தண்ணியில விட்டா முங்கிருது, கோடே பதினஞ்சுலதான் ஆரம்பிக்கு. சரி, நல்ல பால்ல விட்டா இருபத்தெட்டாவது காட்டணும்லா? காலையில பால்கார இசக்கி அண்ணன் ஊத்துன பாலை, காய்ச்சுறதுக்கு முன்ன எடுத்து அதுல விட்டேன்.

இருபத்திரெண்டு.

மீட்டரு ஆறு கொறைச்சுக் காட்டுதுன்னா, தொட்டியில இருக்கது இருபத்தாறு இல்ல, முப்பத்திரெண்டு.

"இல்லன்னா பால்ல தண்ணியா இருக்கும்"ன்னாரு வீட்டுக்காரர், பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம.

"இசக்கி அண்ணனையா சொல்லுதிய?" எனக்குக் கோவம் வந்துட்டு. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வரதுக்கு முன்ன இருந்தே பால் ஊத்துத மனுசன்.

சாயங்காலம் அவரு வந்ததும் கேட்டேன். "அண்ணே, தப்பா நினைக்காதிய. பால்ல தண்ணி கிண்ணி..."

கேனைக் கீழ வச்சிட்டாரு. "எக்கா, சுடலைமாடன் மேல சத்தியம். மடியில இருந்து கேனு, கேன்ல இருந்து உங்க சட்டி. நடுவுல வேற சோலியே கெடையாது."

மனுசன் குரலே உடைஞ்சு போச்சு. எனக்கு வெக்கமா போயிருச்சு. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, தொட்டியில இருந்து ரெண்டு வாளி உப்புத் தண்ணியை அள்ளிக் கொட்டுனேன். பதிலுக்கு ரெண்டு வாளி நல்ல தண்ணி. மீட்டரு இருபதுக்கு இறங்குச்சு. அதோட ஆறைக் கூட்டுனா இருபத்தாறு. நிம்மதியா போய்ப் படுத்தேன்.

காலையில பார்த்தா ரெண்டு மீனும் மூலையில, மணலோட மணலா கிடக்கு. தீனி போட்டேன், திரும்பிக்கூட பார்க்கல. நான் வந்து நின்னாலே மேல ஓடி வர்ற சீவனுங்க. நானே கொன்னுட்டேனோன்னு அங்கனயே உக்காந்து அழுதுட்டேன்.

அந்த நேரம் பாத்து இசக்கி அண்ணன் பாலோட வந்தாரு. "என்னக்கா ஆச்சு?"

"உப்பு கூடிருச்சுன்னு தண்ணி ஊத்துனேன் அண்ணே. மீனு இப்படிக் கிடக்கு."

குனிஞ்சு தொட்டியைப் பார்த்தாரு. அவருக்கும் மனசு கேக்கல போல. "எம்புட்டு ஊத்துனிய?"

"ரெண்டு வாளி."

"வாளியா? ஏன்க்கா இப்படிப் பண்ணுதிய? தண்ணின்னா அளந்து, பைய ஊத்தணும். நானே கேனுக்கு நாலு செம்புக்கு மேல போக மாட்டேன்."

வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சு வச்சாரு.

"நாலு செம்பா?"ன்னேன்.

"பெரிய கேனுக்குக்கா"ன்னாரு, தரையைப் பார்த்துக்கிட்டே. "மாடன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

எனக்குக் கோவப்பட நேரமில்ல. கணக்குப் போட்டேன். பதினஞ்சு லிட்டர் கேன்ல நாலு செம்பு, செம்புக்கு ஒரு லிட்டர் தண்ணின்னா இருபத்திரெண்டுதான் வரும். அப்ப அண்ணாச்சி மீட்டரு சரி. தொட்டியும் முதல்ல இருந்தே சரி. ஊடால கோளாறு பண்ணுனது நான் மட்டும்தான்.

ரெண்டு நாளா உப்பைக் கரைச்சுக் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன். புதன்கிழமை மத்தியானம் பெரிய மீனு மேல வந்து தீனியைக் கவ்வுச்சு. அது பின்னாலயே சின்னதும் வந்துச்சு. எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப இசக்கி அண்ணன் எங்க வீட்டுக்குன்னு ஒரு தூக்குல தனியா பால் கொண்டு வாராரு. அளந்தேன், முப்பது.

நேத்து பக்கத்து வீட்டு மதினி வந்திருந்தாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு டம்ளரையே பார்த்தாங்க. "நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆள்தான பால் ஊத்துதாரு? உங்க காப்பி மட்டும் எப்படி இம்புட்டுக் கெட்டியா இருக்கு?"

"நாங்க மீன் வளக்கோம் மதினி"ன்னேன்.