கொம்புக்கு இடமில்லை

"மூஸுக்குக் கொம்பு எங்கே?" என்றான் கிப்.

"வெட்டிட்டேன். இடமில்லை" என்றாள் மார்லிஸ்.

மேனேஜர் கிப் லிண்ட்க்விஸ்ட் திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான். கம்பெனியின் சின்னமான நீல மூஸ் மான், கொம்பைப் பறிகொடுத்துவிட்டுப் பரிதாபமாக நின்றது.

"இது மூஸ் இல்லைங்க, கழுதை."

"கழுதையாவே இருக்கட்டும். மூணு வினாடிக்குள்ள எழுந்து நிக்குதில்ல? அதைப் பாரு."

அமெரிக்காவின் டலூத் நகரத்தில் பனி அள்ளும் லாரிகளுக்குக் கணினிப் பெட்டி செய்கிற கம்பெனி அது. லாரி முன்பக்கம் பனியை ஒதுக்கிக்கொண்டே பின்பக்கம் உப்பைத் தூவிக்கொண்டு போகும். எவ்வளவு தூவுவது என்று சொல்வது அந்தப் பெட்டி. சுவிட்சைப் போட்ட மூன்று வினாடிக்குள் அது வேலையைத் தொடங்க வேண்டும் என்று கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், டெண்டரில் போட்டுவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம். அந்தக் குளிரில் கணினியின் பெரிய மெமரி கண் விழிக்கவே ஐம்பது வினாடி ஆகும்.

இருபத்தாறு வருஷமாக இதே வேலையில் இருக்கும் மார்லிஸ் டோலெஃப்சன் அதற்கெல்லாம் அசரவில்லை. பிராசஸர் சில்லுக்குள்ளேயே துளியூண்டு மெமரி ஒன்று உண்டு. கரண்ட் வந்த கணமே அது தயார். மற்றவர்கள் பெரிய மெமரியைத் தட்டியெழுப்பும் வரைக்கும்தான் அதை வைத்துக்கொள்வார்கள். மார்லிஸோ உப்புத் தூவும் வேலை மொத்தத்தையும் அந்தத் துளிக்குள்ளேயே அடக்கிவிட்டாள். பெரியவர் சாவகாசமாக எழுந்து வரட்டும், அதுவரை சின்னவன் பார்த்துக்கொள்வான்.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கிப் மூஸைக் கொண்டுவந்தான். சுவிட்சைப் போட்டதும் முதலில் கம்பெனி முகம் தெரிய வேண்டுமாம். முழு மூஸை அந்தத் துளி மெமரிக்குள் வைத்தாள். பெட்டி அப்படியே உறைந்து நின்றது. கொம்பை வெட்டினாள், ஓடியது.

"கொம்பு வேணும், மார்லிஸ். மார்க்கெட்டிங்ல பிடிவாதமா இருக்காங்க. அப்புறம், வக்கீல் மூணு வரி எச்சரிக்கையும் போடச் சொல்றார்."

சரி, பார்க்கலாம் என்று வண்ணங்களைக் குறைத்துக் கொம்பையும் மூன்று வரியையும் எப்படியோ திணித்தாள். சுவிட்சைப் போட்டாள். கொம்பின் நுனி, மெமரியில் உப்பின் அளவை எழுதி வைத்திருந்த இடத்தில் போய் ஏறிக்கொண்டது. கொம்பின் நீல நிறத்துக்கான எண்ணையே பெட்டி உப்பின் அளவு என்று நினைத்துக்கொண்டு, சோதனைக்காக மேசையருகே நிறுத்தியிருந்த தூவும் இயந்திரத்துக்கு உத்தரவு போட்டது. கிப்பின் மதியச் சாப்பாடான ஹாட்டிஷ் மேல் ஒரு வாளி உப்பு விழுந்தது.

"பாத்தியா? கொம்பை எடுத்துடறேன்."

"எடுக்கக் கூடாது!" கிப் முட்கரண்டியால் உப்பை ஒதுக்கிக்கொண்டே சொன்னான். "முடியலேன்னா சொல்லிடுங்க, வெளியூர்லேர்ந்து ரெடிமேட் புரோகிராம் வாங்கிக்கறோம். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு யோசிக்க வேண்டியிருக்கும்."

அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மார்லிஸின் குரல் கிணற்றுக்குள் போனது.

"மேனேஜர்னா உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? மூஸுக்கே இல்லைங்கறேன். நாளைக்குக் காலையில கவுண்டியிலிருந்து வர்றாங்கல்ல? அவங்க முன்னாடி கொம்பில்லாமதான் ஓடும். ஓடலேன்னா நானே பையைத் தூக்கிட்டுப் போறேன்."

மறுநாள் காலை ஒரே பனிப்புயல். கார் எதுவும் நகரவில்லை. கவுண்டி அதிகாரி ஜனீன் சேதர் பனி அள்ளும் லாரியிலேயே வந்து இறங்கினார். ஓட்டுநர் மாக்கி கூடவே உள்ளே வந்து, ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். லாரி வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. லாரியை அணைக்கச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கிப் தொண்டை கிழியக் கத்தி வரவேற்புரை ஆற்றினான்.

மார்லிஸ் சுவிட்சைப் போட்டாள். திரையில் மூஸ் வந்தது. கொம்போடு வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கிப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடப்பாவி! அவள் வருவதற்கு முன்பே வந்து பழையபடி கொம்பை ஏற்றிவிட்டான்.

பொலபொலவென்று உப்பு கொட்டியது.

"ஒண்ணுமில்ல, அணைச்சுப் போட்டா சரியாயிடும்" என்று கிப் பாய்ந்து அணைத்துப் போட்டான். இரண்டாவது வாளி கொட்டியது. "இன்னும் ஒரே ஒரு தரம்..." மூன்றாவதும் கொட்டியது.

ஜனீன் கணுக்கால் வரை உப்பில் நின்றார். "இது சாம்பிளா, இல்ல இந்த வருஷத்துக்கு மொத்தமுமா?"

"கையை எடு, கிப்" என்றாள் மார்லிஸ். குரல் பாதாளத்துக்கே போய்விட்டது. கிப் கையை எடுத்தான்.

அவள் உட்கார்ந்தாள். கொம்பை அழித்தாள். வக்கீலின் மூன்று வரியை அழித்தாள். கை ஓடிய வேகத்தில் மூஸையும் மொத்தமாக அழித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, பெரிய மெமரியை வெடுக்கென்று பிடுங்கி ஜனீன் கையில் கொடுத்தாள்.

"வச்சுக்கோங்க. இது இல்லாமலே ஓடும்."

"ஐயோ, மெமரி இல்லாம எப்படிங்க?" என்று கிப் அலறினான்.

"காலையில எழுந்ததும் அடுப்பங்கரைக்குப் போய்க் காத்திருந்தா நேரமாகும். சட்டைப் பையில ரொட்டி இருந்தா தின்னுக்கிட்டே கிளம்பிடலாம். சில்லுக்குள்ள இருக்கறது அந்த ரொட்டி. அதுல போய் மூஸை மேய விடுறியே, உன்னை என்ன சொல்ல?"

சுவிட்சைப் போட்டாள். திரை வெறுமையாக இருந்தது. ஒன்று. இரண்டு. 'டக்' என்று மோட்டார் பிடித்தது. அளந்து வைத்ததுபோல் உப்பு மெல்லிய கோடாக விழுந்தது.

மார்லிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அழகான இரண்டு வினாடியை அவள் பார்த்ததில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் ஜனீன். "ஆனா இந்தம்மா எழுதினது எழுதினபடி வேணும். மிருகம் எதுவும் வேண்டாம்."

கிப் பேனாவை நீட்டினான். ஜனீன் கையெழுத்துப் போட்டார்.

மார்லிஸ் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூலையில் இருந்த ஓட்டுநரிடம் போனாள்.

"வாங்க மாக்கி, லாரியை அணைங்க. இப்பவே மாட்டித் தர்றேன். இனிமே நீங்க தினமும் காலையில சுவிட்சைப் போட்டா ரெண்டே வினாடிதான்!"

மாக்கி விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அணைக்கறதா? அது நவம்பர்ல ஸ்டார்ட் பண்ணினதும்மா, ஏப்ரல்லதான் அணைப்போம்."