வெறுங்காலரும் முப்பத்தேழாம் பாட்டும்

வாவிக்கரையில் பாட்டெழுதியவர்களுக்கு வெறுங்காலர் கொடுத்த பரிசை விடப் பெரிய பரிசை எந்த அரசாங்கமும் கொடுத்ததில்லை, இனிக் கொடுக்கப்போவதும் இல்லை. என்னிடம் பொன்னாடை பதினான்கு இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆறைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் எட்டில் ஒன்றால் மனைவி தையல் மெஷினை மூடி வைத்திருக்கிறாள். வெறுங்காலரின் பரிசு மட்டும் என்னிடம் இல்லை.

அந்தப் பரிசு ஒரு சோடி றப்பர் செருப்பு. பழைய செருப்பு. அவர் அன்றைக்குக் காலில் போட்டிருந்தது.

வாழைச்சேனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் அவர். கோயில் திருவிழா, கலியாணம், விளையாட்டுப் போட்டி, மரணவீடு, எங்கே பாட்டு ஒலித்தாலும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருப்பார். சுமாரான பாட்டென்றால் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். நல்ல பாட்டென்றால் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்துவார். 'இது நான் எழுதியிருக்க வேண்டிய பாட்டு' என்று நெஞ்சில் பட்டுவிட்டால் மறுநாள் அதை எழுதியவரின் வீட்டைத் தேடிப் போவார். வாசலில் நிற்பார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வந்த வழியே வெறுங்காலோடு நடப்பார். மே மாத வெயிலில் தார் றோட்டில் அவர் துள்ளித் துள்ளிப் போவதைக் கண்டால், எங்கோ ஒரு நல்ல பாட்டுப் பிறந்திருக்கிறது என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

அவரும் பாட்டெழுதுவார் என்று கேள்வி. ஒன்றையாவது கேட்டவர் கிடையாது.

ஒருநாள் காரணத்தைக் கேட்டேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்:

"கோயில் வாசல்ல என்ன செய்வீங்க மாஸ்டர்?"

"செருப்பைக் கழட்டுவன்."

"நானும் அதைத்தான் செய்யிறன்."

"வெளிய வரக்குள்ள திரும்பப் போடுவன்தானே?"

"அதுக்கு முதல் கோயிலால வெளிய வரணுமே!"

என் கணக்கின்படி இருபத்தெட்டு ஆண்டுகளில் பத்தொன்பது சோடி. ஏறாவூரில் ஒரு தையல்காரர் கலியாணப் பாட்டொன்றுக்கு ஒரு சோடி பெற்றார். அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சட்டை தைக்க வருகிறவர்களிடம், "அளவு பிறகு எடுப்பம், முதல்ல இதைப் பாருங்க காக்கா" என்பாராம். கதிரவெளியில் ஒருவருக்குக் கிடைத்த சோடியில் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த மனிதர் பாட்டை விட்டுவிட்டு மூன்று நாள் நாயின் பின்னால் அலைந்தார். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் அவருக்கு அரைப்பாட்டுக்காரர் என்றுதான் பேர். மாங்கேணியில் ஒருவர் தனக்கும் கிடைத்ததாக மேடையிலேயே அறிவித்தார். வெறுங்காலர் கதிரையை விட்டெழுந்து ஒலிவாங்கியை வாங்கி, "தம்பி, அண்டைக்கு மழை. சேறு. செருப்பு புதைஞ்சிட்டு, நான் விட்டுட்டு ஓடினன். அது பாட்டுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தார். அதனால் அந்தச் சோடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி என் கதை. நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு எழுதியிருக்கிறேன். அதில் நூற்று நாற்பத்து மூன்று, இறந்தவர்களின் முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டுப் பாட்டு. எல்லாம் தளை தட்டாதவை. நானே இரண்டு முறை சரிபார்த்தவை. அவற்றில் ஐம்பதுக்கு மேல் அவருடைய ஒலிபெருக்கியிலேயே படிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் நான் பாட்டைக் கேட்கவில்லை. அவர் வெற்றிலை மெல்லுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார். ஐம்பது முறையும் மென்றார்.

பொறுக்கமுடியாமல் ஒரு சூழ்ச்சி செய்தேன். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிட்டும் மீன் சொதியும் கொடுத்து, எனது பதினாறு பாட்டுகளை வாசித்துக் காட்டினேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் வாசலிலிருந்த அவருடைய செருப்பைத் தூக்கி நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். வெறுங்காலோடு போனால் போதும், தெருவில் நாலு பேர் கண்டால் போதும் என்பது என் எண்ணம். அவர் வெளியே வந்தார். நிலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட இருக்கும்போது நான் கழற்றி வைத்திருந்த எனது செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அது கிளினிக்கில் சொல்லி வாங்கிய மெத்தைச் செருப்பு. "ஐயா, வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கப்படாது. ஒரு முள்ளுக் குத்தினாலும் காலே போகும்" என்று நேர்ஸ் பிள்ளை எச்சரித்திருந்தாள். அடுத்த சோடி வரும்வரை ஐந்து நாள் கட்டிலில் இருந்தேன். மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று ஏறிய கணக்கு எனக்கு மட்டும் மைனஸ் ஒன்று.

ஆறு வருசத்துக்கு முன் ஊர்களில் கேட்டுச் சேகரித்த நாட்டார் பாட்டுகளை ஒரு சிறு புத்தகமாக்கினேன். எண்பத்து நான்கு பாட்டு, எண்பத்து நான்கு இலக்கம். எல்லாருக்கும் முதல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். வெற்றிலை மெல்லுவதும் நின்றது. பிறகு கதிரை ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"மாஸ்டர், முப்பத்தேழு பரவாயில்ல."

"மற்றது எண்பத்து மூண்டும்?"

"அதுகளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லயில்லயே."

முப்பத்தேழாவது, சின்னப்பிள்ளைகள் பாடும் எண்ணுப் பாட்டு. அதற்குக் கீழே 'ஆசிரியர் தெரியவில்லை' என்று போட்டிருந்தேன்.

ஒண்டு தோணி ஓரத்தில
ரெண்டு கொக்கு தூரத்தில
மூண்டு றாலு முட்டியில

என்று தொடங்கிப் பத்து வரை போய், இப்படி முடியும்:

பத்து மீனு பறிக்குள்ள
மிச்ச மீனு தண்ணிக்குள்ள
எண்ணாத, நீந்தட்டும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரியை முதன்முதல் வேலிக்கு அப்பால் பிள்ளைகள் பாடக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுவதும் எண்ணியவன் நான். எண்ணாமல் விடு என்பதை இரண்டு சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லையே என்ற கோபம்.

போன மாதம் முன்பள்ளிக் கலைவிழாவுக்கு என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் அந்தப் பாட்டைப் பாடினார்கள். எனது பேச்சில் சொன்னேன்: "இந்தக் கடைசி வரியை நான் எழுதியிருந்தால், எனது இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் இப்போதே வாவியில் போட்டுவிடுவேன். யார் பெற்ற பிள்ளையோ, பெயர் தெரியாமல் போய்விட்டான்."

ஒலிபெருக்கி ஊளையிட்டது. வெறுங்காலரின் பெட்டி ஊளையிட்டதை இருபத்தெட்டு ஆண்டுகளில் அன்றுதான் கேட்டேன்.

விழா முடிந்ததும் முன்பள்ளி ஆசிரியை சோடாவோடு வந்தாள். முகம் ஒருமாதிரி இருந்தது.

"சேர், அது பழைய பாட்டு இல்ல. வெறுங்கால் மாமா கட்டினது."

"ஆர் பிள்ளை சொன்னது?"

"எனக்குத்தானே சேர் கட்டினவர்."

அப்போதுதான் அவளை அடையாளம் கண்டேன். கடல் ஊருக்குள் ஏறி வந்த வருசம், கதிரவெளி, மாங்கேணிப் பக்கத்துச் சனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. காலையில் ஆட்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆறு வயதுப் பிள்ளையொன்று தினமும் எனக்குப் பின்னாலேயே வரும். எண்ணி முடித்ததும் கேட்கும்: "எல்லாரையும் எண்ணிட்டீங்களா சேர்?"

"ஓம் மனே."

"மத்தாக்கள்?"

கடல் கொண்டுபோன மற்ற ஆட்களுக்கு என் பதிவேட்டில் ஒரு நிரல் இருக்கவில்லை. பேனையை மூடிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. பிள்ளை பழகிவிட்டது என்று நினைத்தேன். அறிவித்தல் சொல்ல அங்கே ஒலிபெருக்கி கட்டியிருந்தவர் அந்தப் பிள்ளையைக் கம்பிச் சுருளின்மேல் இருத்தி ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவருடைய கடைக்குப் போனேன். அவர் ஒரு பழைய பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் காணும் சொல்லயில்ல? புத்தகத்தில 'ஆசிரியர் தெரியவில்லை' எண்டு அச்சடிச்சு வெச்சிருக்கிறன்!"

"அது நல்லாத்தானே கிடக்கு. என்ட பேரைப் போட்டா அது என்ட பாட்டு. போடாட்டி அந்தப் பிள்ளைகள்ட பாட்டு."

"எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க செருப்பைக் கழட்டியிருப்பீங்க." திருகாணியைப் பல்லில் கடித்தபடி என் காலைப் பார்த்தார். "சீனி வருத்தக்காரன் இந்த வெயிலுக்குள்ள எப்பிடி வீட்ட போறது?"

மெத்தைச் செருப்பைக் கழற்றினேன். அவருடைய படியில் இரண்டையும் ஒட்டி வைத்தேன். திரும்பி நடந்தேன்.

அவருடைய கடையிலிருந்து எனது வீடு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. நூறு தாண்டும்வரை எண்ணினேன். தார் சுட்டது. கல் குத்தியது. நேர்ஸ் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. பிறகு அந்தப் பாட்டு வந்தது. தோணியும் கொக்கும் றாலும் வந்ததில் நூற்று எத்தனையாவது அடி என்பது தவறிவிட்டது.

பின்னால் சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

"மாஸ்டர், நில்லுங்க! விசர் மனுசன், கால் போகப் போகுது! நில்லுங்க எண்டுறன்!"

எனது வீட்டுப் படலையடியில் என்னைப் பிடித்துவிட்டார். ஹாண்டிலில் எனது செருப்பு தொங்கியது. குந்தியிருந்து எனது பாதம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் இல்லை என்று கண்டதும் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். எழும்பும்போதுதான் கவனித்தேன், அவசரத்தில் அவர் வெறுங்காலோடு வந்திருந்தார்.

"இதைப் பாட்டுக்கு எண்டு கணக்கில எழுதிப்போடாதீங்க" என்றார். "இது அவசரத்துக்கு."

எழுதவில்லை. என் கணக்கு இன்னும் மைனஸ் ஒன்றுதான். அது நீந்தட்டும்.