குளிசை மாஸ்டரின் ஐந்து நாள்

தன் இரத்தத்தைத் தானே நம்பாத மனிதர் கொக்குவிலில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக் குளிசை மாஸ்டர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாள் முதல், இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை. சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது.

அந்தக் குளிசை போட்டால் சின்னக் காயமும் இலேசில் நிற்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; போதாதா? முற்றத்துத் தேசிமரம் காய்த்துக் குலுங்கும். இவர் முள்ளுக்குப் பயந்து சந்தையில் தேசிக்காய் வாங்குவார். சலூனில் சவரக்கத்தியைக் கண்டால் எழுந்துவிடுவார். பாதி வெட்டிய தலையோடு அவர் சைக்கிளில் வந்ததை நானே கண்டிருக்கிறேன். கலியாணப் பந்தியில் கீரை வந்தால், "எனக்கு நாளுக்கு அரை அகப்பைதான். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை, குளிசைக்கு ஒத்துவராது" என்று வகுப்பெடுப்பார்.

போன வருடம் அவருக்குக் கால் சோர்ந்தது. தசைக்குள் மெல்லிய ஊசி விட்டுப் பார்க்கும் சோதனைக்கு நாள் குறித்தார்கள். மாஸ்டர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, குளிசையை ஐஞ்சு நாள் நிப்பாட்டப் போறன்."

"டொக்டரைக் கேட்டனீங்களோ?"

"ஒரு பல்லுப் பிடுங்கவே முந்தி நிப்பாட்டச் சொன்னவை. இது எத்தினை குத்தோ. உதுக்கென்ன கேள்வி?"

நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "ஓம் மாஸ்டர், அதுதான் புத்தி" என்றேன், தலை நிமிராமல்.

சோதனையன்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்கள்தானே ஐயா?" என்று கேட்டார் சோதனை செய்ய வந்த இளம் டொக்டர்.

"இல்லை மகள். ஐஞ்சு நாளா நிப்பாட்டிப் போட்டன்." வகுப்பில் முதலாம் பிள்ளை விடை சொல்வதுபோலச் சொன்னார்.

டொக்டரின் முகம் மாறியது. "கடுகளவு இரத்தம்தான் வரும் ஐயா, அழுத்திப் பிடிச்சால் நிண்டிடும். உங்களுக்கு வால்வுக்குள்ளை இரத்தம் கட்டி மூளைக்குப் போனால்தான் ஆபத்து. ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது?"

மாஸ்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நானாத்தான்" என்றார்.

உடனே வாட்டில் சேர்த்தார்கள். அன்று பின்னேரமே வாய் கோணி, வலப்பக்கக் கைகால் விழுந்துவிட்டது.

உயிர் தப்பியது, பேச்சு இன்னும் வரவில்லை. பின்னேரங்களில் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே இருப்பேன். போன கிழமைதான் துணிவு வந்தது. "மாஸ்டர், அண்டைக்கு ஓம் எண்டவன் நான்தானே" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டார். சீனி போடாத தேத்தண்ணி எனக்குத் தொண்டையில் இறங்காது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவர் தந்தால் எதையும் குடிப்பேன்.