ஆர்.என்.ஏ. மாமா

நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஈ வரும். "இப்பத்தான் படிச்சேன்" ஆசாமியும் வருவார். ஈயையாவது விசிறி விரட்டலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். அதிலும் வலிப்பு வரும் பிள்ளை உள்ள வீடென்றால் அவருக்குக் கொண்டாட்டம். உட்காருமுன்பே கைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொண்டையைக் கனைத்து, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். பிள்ளையிடம் நலம் விசாரிப்பாரா? அது சாதாரண ஜனங்கள் செய்வது.

போன முறை தங்கை வீட்டில் அவர் செய்த பிரசங்கத்தில் மாத்திரை தள்ளிப்போய், தங்கை மகள் வலிப்பு வந்து கூடத்திலேயே விழுந்துவிட்டாள். அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்தாள். அண்ணன்காரர் உதவினார்: "கொஞ்சம் நகரு, மறைக்குது." அந்த வீடியோ சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த முறை அவர் வந்தபோது, மறுநாள் மகளுக்குப் பரீட்சை. மாத்திரை தவறக்கூடாது. ஒரு கையில் மாத்திரை, மறுகையில் தண்ணீருடன் அம்மா வந்தபோது குறுக்கே நீண்டது அண்ணன் கை.

"வை கீழே. இதெல்லாம் வெறும் மேல்பூச்சு. வேர் எங்க இருக்கு தெரியுமா? ஆர்.என்.ஏ.ல! அதுலயும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.!"

"மணியாச்சு அண்ணா. முதல்ல முழுங்கட்டும்."

"இரு. அது தானா ஒண்ணும் உண்டாக்காது. ஆனா மத்த மரபணு வேலை செய்யலாமா கூடாதான்னு நடுவுல புகுந்து அதிகாரம் பண்ணும். அளவு மீறிச்சுன்னா வீடே ரெண்டுபடும்."

அம்மாவுக்கு நன்றாகவே விளங்கியது. உதாரணம் எதிரே நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கு மருந்து வந்துடுச்சா மாமா?" என்றாள் மகள்.

"எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க!"

"அப்ப நான் எலியாகற வரைக்கும் இதையே போட்டுக்கறேன்." அம்மா கையிலிருந்து வாங்கி வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"படிச்சவன் பேச்சை எவன் கேக்கறான்?" என்று மாமா சுவரிடம் முறையிட்டார்.

ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. நாளைக்கு அதுவே அவளைக் காப்பாற்றலாம். இன்றைக்குக் காப்பாற்றுவது தொண்டைக்குள் இறங்கிய மாத்திரை.

சிரிக்கிறீர்களா? இதற்குள் வலிப்பு நோயாளி உள்ள ஒரு வீடு உங்கள் நினைவுக்கு வந்திருக்குமே? "புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. தெரியுமா?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறதே? தாராளமாகப் போய்வாருங்கள். செருப்பைக் கழற்றிவிடும் இடத்திலேயே நாக்கையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.