மூன்று முறை விழுந்த புளியங்கொட்டை

கரண்ட் போனதற்கெல்லாம் கண்டனத் தீர்மானம் போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருச்செங்கோட்டில் இருந்தார். விசைத்தறி மெக்கானிக். சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘தீர்மானம்’.

செவ்வாய்ப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில் அவர் கையில் ஒரு புத்தகம் சிக்கியது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் சீமையில் நடந்த ஏதோ ஓர் அறிவியல் சங்கத்தின் விதிகள். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். அதே விதிகளோடு ஒரு போர்வெல் ரிக் உதிரிபாகக் கடையின் மாடியில் சங்கம் தொடங்கி, செயலாளராக உட்கார்ந்துவிட்டார். மாதம் ஒரு கூட்டம். போன மாதக் குறிப்பைப் படித்து ஒப்புதல் வாங்காமல் ஃபேனைக்கூடப் போட விடமாட்டார்.

“டீ சொல்லலாமுங்ளா?” என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

“முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறது யாருங்க?”

வழிமொழிந்து, எதிர்ப்பில்லை என்று எழுதி, “குறிச்சாச்சுங்க” என்று அவர் சொல்வதற்குள் டீக்கடையே சாத்தியிருக்கும்.

எனக்கு ரிக் வண்டியில் வேலை. போர் போடும்போது ஆழத்துக்கு ஆழம் மாறும் மண்ணின் நிறத்தை ஊர் ஊராக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைச் சங்கத்தில் வாசித்தே தீரவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆனால் உறுப்பினர்தான் வாசிக்கலாம். நான் வெறும் பார்வையாளர்.

உறுப்பினராக ஓட்டெடுப்பு உண்டு. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சை, ஒரு புளியங்கொட்டை. சம்மதமென்றால் மொச்சையை ரகசியமாகக் குடத்தில் போட வேண்டும், மறுப்பென்றால் புளியங்கொட்டையை. மிச்சம் அவரவர் பையில். ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் ஆள் அவுட். மூன்று வருஷத்தில் மூன்று தடவை நின்றேன். மூன்று தடவையும் நாலு மொச்சை, ஒரு புளியங்கொட்டை. யார் அந்தப் புண்ணியவான் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

மூன்றாவது தோல்விக்கு ஆறுதலாக என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார் தீர்மானம். கண்ணாடியைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஒரு மொச்சை வந்து என் டீயில் விழுந்தது. மொச்சை பையில் இருந்தால் குடத்தில் விழுந்தது எது?

“நீங்கதானுங்ளா?”

அவர் தலை நிமிரவில்லை. “பட்டியல்ல பத்தொம்பது பேருங்க. மெம்பர் ஆனதும் ஒருத்தனும் தானா வாரதில்ல. ஊடு ஊடாப் போய்க் கையப் புடிச்சு நாலு பேர இழுத்துட்டு வாரேன். கூப்புடாம வாரது நீங்க ஒருத்தர்தானுங்க. உங்களையும் மெம்பராக்கிப்போட்டு அப்பறம் நான் என்ன பண்றது?”

வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். அடுத்த மாதம் பத்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன்.

போன வருஷம் அவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அடுத்த கூட்டத்திலேயே அத்தனையும் மொச்சையாக விழுந்து நான் உறுப்பினரானேன். அன்றைக்குப் படியிறங்கியவன்தான், அப்புறம் ஏறவே இல்லை. அவர் சொன்ன ஆட்களில் நானும் ஒருவனாகிவிட்டேன். நோட்டு இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. இப்போது தாராளமாக வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் “குறிச்சாச்சுங்க” என்று சொல்ல அவர் அங்கே இல்லையே.